கணிசமாக, வெகுவாக, கிடுகிடுவென: மாற்றத்தின் அளவைச் சொல்லும் வினையடைகளில் எதை எங்கே போடுவது?

அறிக்கைமேசை (கேள்வி)

வணக்கம். தரவு அறிக்கைகளைத் தமிழில் எழுதும் குழுவுக்காக ஒரு நடைக் கையேடு தயாராகி வருகிறது. இரண்டு ஆண்டு எண்களையோ பன்னிரண்டு மாத எண்களையோ ஒப்பிட்டு ‘உயர்ந்தது, குறைந்தது, மேம்பட்டது, மாறியது’ என்று முடியும் வாக்கியங்கள்தான் பெரும்பாலும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘கணிசமாக’ நிற்கிறது. அது இல்லாத இடத்தில் ‘மிகவும்’. வரைவுகளிலிருந்து சில வரிகள்:

விண்ணப்பங்களின் எண்ணிக்கை கணிசமாக 3 சதவீதம் உயர்ந்தது.
காத்திருப்பு நேரம் மிகவும் குறைந்தது.
புகார்கள் மூன்று மடங்கு குறைந்தன.
மார்ச் மாதம் முதல் பயன்பாடு திடீரென உயர்ந்து வருகிறது.
மேலும் பிழைகளின் எண்ணிக்கை குறைந்தது.

ஒவ்வொன்றிலும் ஏதோ உறுத்துகிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் ‘ஏன் தப்பு’ என்று எழுதுபவருக்கு விளக்கிச் சொல்லும் விதி கையேட்டில் இல்லை. மூன்று விஷயங்கள் வேண்டும். எவ்வளவு மாற்றத்துக்கு எந்த அடை என்று ஓர் அளவுகோல் வகுக்க முடியுமா? எந்த அடை எந்த வினையோடு சேரும்? எண் கொடுத்த பிறகும் அடை தேவையா? ஒற்று மிகும் இடங்களைப் பற்றியும் யாராவது சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.


எண்ணெழுத்து

அளவுகோலில் இருந்து தொடங்குகிறேன். ‘5 சதவீதத்துக்குள் சற்று, 15 வரை ஓரளவு, அதற்கு மேல் கணிசமாக’ என்று ஓர் அட்டவணை போட ஆசை வரும். போடாதீர்கள். உடல் வெப்பநிலை 37 டிகிரி செல்சியசிலிருந்து 38.5-க்கு ஏறினால் கணக்குப்படி 4 சதவீதம். அதையே பாரன்ஹீட்டில் எழுதினால் 98.6-லிருந்து 101.3, அதாவது 2.7 சதவீதம். ஒரே காய்ச்சல், இரண்டு சதவீதம். உங்கள் அட்டவணை இரண்டையும் ‘சற்று’ என்ற பெட்டியில் போடும். மருத்துவக் குறிப்பு எழுதுபவர் யாரும் அதைச் சற்று என்று எழுதமாட்டார். அதே 4 சதவீதம் ஓர் இணையதளத்தின் ஒரு நாள் வருகையில் கூடினால் அதற்கு எந்த அடையும் தேவையில்லை. அது நாள்தோறும் அப்படித்தான் ஆடும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை சதவீதம்’ என்பதல்ல. ‘இந்த எண் சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆடும்’ என்பதுதான். கையேட்டில் இதை வேலைமுறையாகவே எழுதிவிடலாம். முந்தைய 24 மாத எண்களை எடுத்து, மாதத்துக்கு மாதம் எவ்வளவு கூடியது குறைந்தது என்று ஒரு நெடுவரிசை போடுங்கள். கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்கும் மதிப்பை எடுங்கள். அதுதான் வழக்கமான ஆட்டம். புதிய மாற்றம் அதற்குள் அடங்கினால் அடையே வேண்டாம். ‘உயர்ந்தது’ என்பதைக்கூட யோசித்துத்தான் எழுத வேண்டும், ‘ஏறத்தாழ அதே அளவில் இருந்தது’ என்பதே நேர்மை. நடு மதிப்பைத் தாண்டியும் முன்பு கண்ட ஆட்டத்துக்குள்ளேயே இருந்தால் ‘சற்று’ அல்லது ‘ஓரளவு’. அந்த 24 மாதங்களில் ஒரு முறைகூடத் தொடாத அளவு என்றால் ‘கணிசமாக’. பழைய ஆட்டத்தின் உச்சத்தையே பல மடங்கு தாண்டினால்தான் ‘வெகுவாக’, ‘பெருமளவு’. பருவத்துக்கேற்ப மாறும் எண்ணாக இருந்தால் முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டு இதே வேலையைச் செய்யுங்கள்.

அடிப்படை எண் சிறிதாக இருக்கும் இடத்தில் எந்த அடையும் பொய் சொல்லும். 2 புகார் 5 ஆனால் அது 150 சதவீத உயர்வு. ‘வெகுவாக உயர்ந்தது’ என்று எழுதினால் கணக்கு சரி, படிப்பவர் மனதில் பதியும் காட்சி தப்பு. ‘புகார்கள் இரண்டிலிருந்து ஐந்தாக உயர்ந்தன’ என்று எண்ணை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

எண்ணோடு அடையைச் சேர்ப்பது பற்றி: எண் சான்று, அடை தீர்ப்பு. ‘கணிசமாக 3 சதவீதம்’ என்று இரண்டையும் ஒட்டிவைத்தால் 3 சதவீதம் எப்படிக் கணிசம் என்ற கேள்விதான் எழும். அந்த வரியை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: ‘விண்ணப்பங்களின் எண்ணிக்கை 3 சதவீதம் உயர்ந்தது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் உயர்வு 1 சதவீதத்தைத் தாண்டவில்லை.’ கணிசமாக என்ற சொல் செய்ய முயன்ற வேலையை இரண்டாவது வாக்கியம் செய்துவிடுகிறது. சுருக்கப் பக்கத்தில் எண்ணுக்கு இடமில்லை என்றால் அங்கே அடையை வைத்து, உள்பக்கத்தில் எண்ணையும் ஒப்பீட்டையும் கொடுங்கள்.

இன்னொன்று. ‘குறிப்பிடத்தக்க’ என்ற சொல்லை ஆய்வுத் தரவு வரும் அறிக்கையில் கவனமாகக் கையாள வேண்டும். புள்ளியியல் சோதனையில் தேறியது என்ற பொருளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள், பெரிய அளவு என்ற பொருளிலும் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. பல்லாயிரம் பேரிடம் எடுத்த தரவில் அரை சதவீத மாற்றம்கூடச் சோதனையில் தேறிவிடக்கூடும். அதற்காக அது பெரிய மாற்றம் ஆகிவிடாது. சோதனையைச் சொல்ல வேண்டுமானால் ‘தற்செயலால் விளைந்திருக்க வாய்ப்புக் குறைவு’ என்று விரித்தே எழுதுங்கள். அளவைச் சொல்ல ‘கணிசமாக’ இருக்கட்டும்.


சொல்வினை

அளவைப் பற்றி மேலே சொன்னதை அப்படியே ஏற்கலாம். ஆனால் உங்கள் வரிகளில் பாதிக்கு மேல் கோளாறு அளவில் இல்லை, இணைப்பில் இருக்கிறது.

மாற்றத்துக்கு முன்னால் வரும் அடைகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. கணிசமாக, வெகுவாக, ஓரளவு என்பவை அளவு சொல்பவை. கிடுகிடுவென, மளமளவென, விறுவிறுவென என்பவை வேகம் சொல்பவை. படிப்படியாக, சிறுகச் சிறுக, கொஞ்சம் கொஞ்சமாக என்பவை மாற்றம் நடந்த விதத்தைச் சொல்பவை. திடீரென, சட்டென என்பவை எதிர்பாராமையைச் சொல்பவை. அடியோடு, முற்றிலும், அறவே என்பவை முழுமையைச் சொல்பவை. எழுதுபவர் ‘இன்னும் அழுத்தமாக ஒரு சொல்’ என்று தேடும்போது ஒரு வகையை விட்டு இன்னொரு வகைக்குத் தாவிவிடுகிறார். பிழை அங்கேதான் பிறக்கிறது.

கையில் இரண்டு ஆண்டு எண் மட்டும் இருக்கிறது என்றால் வேகம் சொல்லும் அடையும் விதம் சொல்லும் அடையும் போட உரிமை இல்லை. ‘படிப்படியாகக் குறைந்தது’ என்று எழுதக் குறைந்தது நான்கைந்து இடைநிலை எண்கள் வேண்டும். அவை அனைத்தும் ஏறக்குறைய ஒரே திசையில் நடந்திருக்க வேண்டும். முதல் எண்ணும் கடைசி எண்ணும் மட்டும் தெரிந்தால் நடுவில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? ‘கிடுகிடுவென’ என்பதற்கும் இதே சோதனைதான்: குறுகிய காலத்துக்குள் பல படிகள் தொடர்ந்து ஏறியதைக் காட்ட முடிய வேண்டும். ஒரே மாதத்தில் ஒரே தாவலாக ஏறி நின்றுவிட்டால் அது திடீரென, கிடுகிடுவென அல்ல.

‘திடீரென உயர்ந்து வருகிறது’ ஏன் உறுத்துகிறது என்றால், திடீரென என்பது ஒரு புள்ளியில் நடப்பது. ‘உயர்ந்து வருகிறது’ நீண்டுகொண்டே போவது. இரண்டும் ஒரே வினையில் உட்காராது. ‘மார்ச் மாதத்தில் பயன்பாடு திடீரென உயரத் தொடங்கியது; அதன் பிறகும் உயர்ந்து வருகிறது’ என்று தொடக்கத்தையும் தொடர்ச்சியையும் பிரித்தால் சரியாகிவிடும். இதற்கு நேர்மாறாக, ‘நாளுக்கு நாள்’ தொடர்ச்சியைக் கேட்கும். ‘நாளுக்கு நாள் உயர்ந்தது’ என்பது அரைகுறையாக நிற்கும்; ‘உயர்ந்து வருகிறது’, ‘உயர்ந்துகொண்டே போகிறது’ என்று வந்தால்தான் முழுமை.

இனி வினைகள். உயர், குறை, கூடு, அதிகரி ஆகிய நான்கும் வெறும் திசையைச் சொல்பவை. அளவு சொல்லும் எந்த அடையையும் ஏற்கும். சிக்கல் மற்றவற்றில்தான். ‘சரிந்தது’, ‘வீழ்ந்தது’ என்பவற்றுக்குள்ளேயே அளவும் வேகமும் இருக்கின்றன. ‘வெகுவாகச் சரிந்தது’ என்றால் மிகை, ‘சற்றுச் சரிந்தது’ என்றால் முரண். ‘பெருகியது’ என்பதற்குள் பல்கிப் போதல் இருக்கிறது. அதனால் ‘ஓரளவு பெருகியது’ ஒட்டாது, ‘பன்மடங்கு பெருகியது’ ஒட்டும். ‘தேய்ந்தது’ மெதுவாக நடப்பது, கிடுகிடுவெனத் தேய முடியாது. ‘தணிந்தது’ வெப்பம், வலி, கோபம், பதற்றம் ஆகியவற்றுக்கு. ‘ஓரளவு தணிந்தது’, ‘வெகுவாகத் தணிந்தது’ இரண்டும் சரி. எண்ணிக்கைக்குத் தணிதல் கிடையாது, ‘புகார்கள் தணிந்தன’ என்று எழுதினால் புகார் செய்தவர்களின் கோபம் தணிந்தது போலத் தோன்றும். ‘மேம்பட்டது’ தரத்துக்கு உரியது. அது கணிசமாக, வெகுவாக, பெரிதும் ஆகியவற்றை ஏற்கும். வேகம் சொல்லும் இரட்டைக்கிளவிகளை ஏற்காது.

‘அடியோடு’, ‘அறவே’ இரண்டும் முடிவை நோக்கிப் போகும் வினைகளுக்கு மட்டும்: நின்றது, ஒழிந்தது, நீங்கியது. ‘அடியோடு மாறியது’ வழக்கில் உண்டு. ‘அடியோடு உயர்ந்தது’ கிடையாது. ‘தலைகீழாக மாறியது’ என்பதை வெறும் பெரிய மாற்றத்துக்குச் செலவழிக்க வேண்டாம். முதலில் இருந்தது கடைசிக்கும் கடைசியில் இருந்தது முதலுக்கும் போன இடத்துக்கு வைத்துக்கொண்டால் அறிக்கையில் அந்தச் சொல்லுக்கு ஒரு துல்லியம் கிடைக்கும்.

‘கண்கூடாக’ என்ற அடையைப் பலர் கணிசமாக என்பதற்கு மாற்றாகப் போடுகிறார்கள். கண்ணால் பார்த்து அறியக்கூடிய மாற்றத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும்: வீக்கம், நிறம், நெரிசல், நீர்மட்டம். கருவி வைத்தே அறியக்கூடிய மின்னழுத்தமோ கணக்கிட்டே அறியக்கூடிய சராசரியோ கண்கூடாகக் குறையாது.


தொடரியல்

‘காத்திருப்பு நேரம் மிகவும் குறைந்தது’ என்ற வரியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத கோளாறு அதில் இருக்கிறது.

‘குறைந்தது’ என்ற வடிவம் மூன்று வேலை செய்கிறது. ஒன்று, குறைதல் நடந்தது என்ற இறந்தகால வினை. இரண்டு, ‘குறைவான ஒன்று’ என்ற பெயர்: ‘இரண்டில் இது விலை குறைந்தது’. மூன்று, ‘குறைந்தபட்சம்’: ‘குறைந்தது பத்துப் பேர் வேண்டும்’. மிகவும், மிக ஆகிய அடைகள் பண்பையும் நிலையையும் விரும்புபவை: மிகப் பெரிய, மிகவும் நல்ல. ஆகவே ‘மிகவும் குறைந்தது’ என்றதும் வாசகர் மனம் இரண்டாவது பொருளுக்கு ஓடுகிறது. காத்திருப்பு நேரம் ஏற்கெனவே மிகக் குறைவான ஒன்று என்று புரிந்துகொள்கிறார். மாற்றம் நடந்ததே தெரியாமல் போகிறது. ‘மிகவும் உயர்ந்தது’ இன்னும் மோசம். அதைப் படித்தால் மேன்மையானது என்றுதான் தோன்றும். ‘குடிமக்களின் பங்களிப்பு மிகவும் உயர்ந்தது’ என்ற வரியில் பங்களிப்புக் கூடியதா, போற்றத்தக்கதா?

தீர்வு இரண்டு. அடையை மாற்றலாம்: ‘வெகுவாகக் குறைந்தது’ என்றால் பெயர்ப் பொருளுக்கு இடமில்லை, வெகுவாக என்பது நிகழ்ச்சியைத்தான் தழுவும். வினையின் வடிவை மாற்றலாம்: ‘மிகவும் குறைந்துவிட்டது’, ‘மிகவும் குறைந்துள்ளது’ என்று துணைவினை சேர்ந்தால் நடந்து முடிந்தது தெளிவாகிவிடும். அறிக்கைக்கு முதல் வழி சிறந்தது.

‘அதிகமாகக் குறைந்தது’ என்றும் வரைவுகளில் வரும், பாருங்கள். இலக்கணப்படி தவறே இல்லை. ஆனால் கூடுதலைக் குறிக்கும் சொல்லும் குறைதலைக் குறிக்கும் சொல்லும் அடுத்தடுத்து வந்து வாசகரைத் தடுக்கி நிறுத்தும். ‘கூடுதலாகக் குறைந்தது’ அதைவிட மோசம். இறக்கத்துக்குக் கணிசமாக, வெகுவாக, பெருமளவு, பெரிய அளவில் என்று திசை இல்லாத அடைகளையே வையுங்கள்.

‘மேலும் பிழைகளின் எண்ணிக்கை குறைந்தது’ என்பது இடம் பற்றிய பிரச்சினை. வாக்கியத்தின் தலையில் நிற்கும் ‘மேலும்’ வெறும் இணைப்புச் சொல்; ‘அதுமட்டுமல்லாமல்’ என்று பொருள். வினைக்கு முன்னால் நின்றால் அளவு சொல்லும் அடை: ‘பிழைகளின் எண்ணிக்கை மேலும் குறைந்தது’. இரண்டாவதை எழுதினால் ஒரு கடப்பாடும் சேர்ந்தே வருகிறது. முன்பே ஒரு முறை குறைந்திருந்தது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். முந்தைய காலாண்டில் பிழைகள் கூடியிருந்தால் ‘மேலும் குறைந்தது’ பொய்யான தகவல். ‘இன்னும் குறைந்தது’ என்பதற்கும் அப்படியே.

பொதுவாகச் சொன்னால் அடை, தான் தழுவும் வினைக்கு ஒட்டியே நிற்க வேண்டும். தமிழில் வாக்கியத்தின் கடைசியில் வினை வருவதால், முன்னால் விட்ட அடை வழியில் எதிர்ப்படும் முதல் எச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ‘கணிசமாகக் கட்டணம் குறைத்த நிலையங்களில் பயணிகள் அதிகரித்தனர்’ என்ற வரியில் எழுதியவர் சொல்ல வந்தது பயணிகள் கணிசமாக அதிகரித்ததை. ஆனால் ‘கணிசமாக’ என்பது ‘குறைத்த’ என்ற பெயரெச்சத்தோடு போய்விட்டது. ‘கட்டணம் குறைத்த நிலையங்களில் பயணிகள் கணிசமாக அதிகரித்தனர்’ என்று வினைக்கு ஒட்டி வைத்தால் வேறு பொருளுக்கு வழியில்லை.

பெயராக்கிச் சொல்லும் பழக்கத்தையும் கையேடு தடுக்க வேண்டும். ‘பயன்பாடு கணிசமான உயர்வைக் கண்டுள்ளது’, ‘குறிப்பிடத்தக்க அதிகரிப்பைப் பதிவு செய்துள்ளது’ என்பவை இரவல் நடை. பயன்பாடு எதையும் காண்பதில்லை, அது உயர்கிறது. ‘பயன்பாடு கணிசமாக உயர்ந்துள்ளது’ என்பதே போதும். மாற்றத்தைப் பற்றி அடுத்து ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்போது மட்டும் பெயர் வடிவம் வேலைக்கு ஆகும்: ‘இந்தக் கணிசமான உயர்வுக்கு மூன்று காரணங்கள்’.


எண்ணெழுத்து

மூன்று மடங்கு பற்றி நான் சொல்ல விட்டுவிட்டதால் இப்போது.

‘இரு மடங்கு உயர்ந்தது’ என்று எழுதினால் 100 என்பது 200 ஆனதா, 300 ஆனதா? உயர்வே இரு மடங்கு என்று எடுத்துக்கொண்டால் 300. ‘இரு மடங்காக உயர்ந்தது’ என்றால் 200 மட்டும்தான். ‘ஆக’ என்ற ஈறு போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் கூடிய தொகையைச் சொல்வதாகிறது. சதவீதத்திலும் இதே கதை. ‘20 சதவீதம் உயர்ந்தது’ என்றால் கூடியது 20. ‘20 சதவீதமாக உயர்ந்தது’ என்றால் இப்போது இருப்பது 20. ஓர் ‘ஆக’ விடுபட்டால் எண்ணே மாறிவிடும், ஆகவே மெய்ப்புப் பார்ப்பவர் இதைத் தட்டச்சுப் பிழையாக நினைத்துத் தானே திருத்தக் கூடாது. மூலத் தரவைப் பார்க்க வேண்டும். இலங்கையில் ‘20 சதவீதத்தால் அதிகரித்தது’ என்று எழுதுகிறார்கள். கூடிய தொகை என்பதில் ஐயமே வராத வடிவம் அது. கையேட்டில் சேர்க்க முடிந்தால் சேருங்கள்.

இறக்கத்துக்கு மடங்கு வேண்டவே வேண்டாம். ஒரு மடங்கு குறைந்தாலே பூச்சியம். மூன்று மடங்கு எப்படிக் குறையும்? சொல்ல வந்தது 90 என்பது 30 ஆனது என்றால் ‘மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது’. இங்கும் ‘ஆக’ முக்கியம்: ‘மூன்றில் ஒரு பங்கு குறைந்தது’ என்றால் 90 என்பது 60 ஆனது. பாதிக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. ‘பாதி குறைந்தது’, ‘பாதியாகக் குறைந்தது’ இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

சதவீதமே மாறும்போது சதவீதப் புள்ளி என்று எழுதுங்கள். தேர்ச்சி 40 சதவீதத்திலிருந்து 50-க்குப் போனால் உயர்வு 10 சதவீதப் புள்ளி. 40-ஐ அடிப்படையாக வைத்தால் 25 சதவீதம். ‘10 சதவீதம் உயர்ந்தது’ என்றால் 44 என்று ஒருவர் கணக்குப் போடலாம், அவர் மீது குற்றமில்லை.


ஒற்றுக்காவல்

ஒற்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த அடைகளுக்கு மட்டும் தேவையானதைச் சொல்கிறேன்.

‘ஆக’, ‘ஆய்’ என்று முடியும் அடைக்குப் பின் க, ச, த, ப வந்தால் மிகும்: கணிசமாகக் குறைந்தது, வெகுவாகச் சுருங்கியது, படிப்படியாகத் தணிந்தது, கணிசமாய்ப் பெருகியது. ‘என’ என்று முடிந்தாலும் மிகும், ‘என்று’ என முடிந்தால் மிகாது: கிடுகிடுவெனக் குறைந்தது, கிடுகிடுவென்று குறைந்தது. மிக, மெல்ல என்பவற்றுக்குப் பின்னும் மிகும்: மிகக் குறைவு, மெல்ல மெல்லக் குறைந்தது.

உம், இல், ஓடு என்று முடிபவற்றுக்குப் பின் மிகாது: பெரிதும் பாதித்தது, பெருமளவில் குறைந்தது, அடியோடு போனது. ‘அளவு’ என்று வெறுமனே முடிந்தால் மிகாது, ‘அளவுக்கு’ என்று உருபு ஏறினால் மிகும்: பெருமளவு குறைந்தது, குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைந்தது.

தடுமாற வைப்பது சற்று, சிறிது என்ற இணை. ‘சற்று’ வன்றொடர்க் குற்றியலுகரம் (ஈற்று ‘று’வுக்கு முன் ‘ற்’ என்ற வல்லின மெய் நிற்கிறது), ஆகவே ‘சற்றுக் குறைந்தது’. ‘சிறிது’ உயிர்த்தொடர் (ஈற்று ‘து’வுக்கு முன் ‘றி’ என்ற உயிர்மெய் நிற்கிறது), ஆகவே ‘சிறிது குறைந்தது’. செய்தித்தாள்களில் ‘சற்று குறைந்தது’ என்றே பெரும்பாலும் வருகிறது. கையேடு ஏதாவது ஒரு பக்கம் நின்று அதையே கடைசிவரை பின்பற்றினால் போதும். என் பரிந்துரை இலக்கணப்படி ஒற்றைப் போடுவது.

பெருமளவு, பெருமளவில் என்ற வேறுபாட்டை எழுதுபவர்கள் கவனிப்பதில்லை. ‘பெருமளவில்’ எண்ணிக்கையையும் குறிக்கும்: ‘மக்கள் பெருமளவில் திரண்டனர்’. எனவே ‘பெருமளவில் ஊழியர்கள் குறைக்கப்பட்டனர்’ என்றால் நிறைய ஊழியர்களா, பெரிய விகிதமா என்று தெரியாது. மாற்றத்தின் அளவுக்கு ‘பெருமளவு’ போதும்.


அறிக்கைமேசை

எல்லோருக்கும் நன்றி, கையேட்டின் பாதி இங்கேயே கிடைத்துவிட்டது. இரண்டு ஐயங்கள் மிச்சம். ‘சற்றுச் சரிந்தது’ முரண் என்று சொல்வினை எழுதியிருக்கிறார். சந்தை நிலவரம் எழுதுபவர்கள் அதை அன்றாடம் எழுதுகிறார்களே, அதைத் தடைப் பட்டியலில் சேர்ப்பதா? அடுத்தது எதிர்மறை. ‘செலவு கணிசமாகக் குறையவில்லை’ என்று ஒரு வரி வந்தது. குறைந்தது, ஆனால் கொஞ்சம்தான் என்கிறாரா, குறையவே இல்லை என்கிறாரா?


சொல்வினை

சந்தைச் செய்தியில் ‘சரிவு’ என்பது வெறும் இறக்கம் என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது, உண்மைதான். அந்தத் துறை வாசகருக்கு ‘சற்றுச் சரிந்தது’ உறுத்தாது. ஆனால் உங்கள் அறிக்கையை எல்லாத் துறையினரும் படிக்கப்போகிறார்கள் என்றால் சற்று என்ற அடைக்கு ‘குறைந்தது’, ‘இறங்கியது’ ஆகிய வினைகளே பொருத்தம். சரிவைப் பெரிய இறக்கத்துக்கு மிச்சம் வைத்திருங்கள். எல்லா இறக்கத்துக்கும் சரிவு என்று எழுதிவிட்டால் உண்மையான சரிவு வரும் ஆண்டில் சொல்ல வினை இருக்காது.

கிடுகிடுவென, மளமளவென போன்றவற்றையும் முழுதாகத் தடை செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். அறிக்கையின் உடல்பகுதிக்கு அவை ஆகாது. முன்னுரை, செய்திக்குறிப்பு, பொதுமக்களுக்கான சுருக்கம் ஆகியவற்றில் தாராளமாக வரலாம். வரும்போது அதனதன் இணையோடு வரட்டும். தீ மளமளவெனப் பரவும், வேலை விறுவிறுவென நடக்கும், நீர்மட்டம் கிடுகிடுவென உயரும். இவற்றை இடம் மாற்றிப் போட்டால் தமிழ் தெரிந்த யாருக்கும் காதில் உறுத்தும். ‘சிறுகச் சிறுக’ என்பது சேர்தலுக்கே உரியது. சிறுகச் சிறுகச் சேரும், பெருகும். குறைவதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக, சிறிது சிறிதாக.


தொடரியல்

எதிர்மறை பற்றி. ‘கணிசமாகக் குறையவில்லை’ என்பதை நேராகப் படித்தால் ‘குறைந்தது, ஆனால் கணிசமாக அல்ல’ என்பதே பொருள். இல்லை என்ற மறுப்பு அடையின் மீதுதான் விழுகிறது. ஆனால் அவசரமாகப் படிப்பவர் குறையவே இல்லை என்று எடுத்துக்கொள்வார். இப்படிப்பட்ட வாக்கியத்தைக் கையேடு அனுமதிக்கக் கூடாது. கொஞ்சம் குறைந்தது என்றால் உடன்பாட்டிலேயே எழுதுங்கள்: ‘செலவு சற்றே குறைந்தது’, ‘செலவு குறைந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு அல்ல’. இரண்டாவதை எழுதினால் எதிர்பார்த்த அளவு என்ன என்ற எண்ணையும் பக்கத்தில் கொடுக்க வேண்டும்.

குறையவே இல்லை என்றால் அதற்கென்றே அடைகள் இருக்கின்றன: சற்றும், சிறிதும், துளியும், கொஞ்சமும். ‘உம்’ சேர்ந்ததும் இவை எதிர்மறை வினையை மட்டுமே ஏற்கும். ‘சிறிது குறைந்தது’ உண்டு, ‘சிறிதும் குறைந்தது’ கிடையாது. ‘சிறிதும் குறையவில்லை’ உண்டு, ‘சிறிது குறையவில்லை’ கிடையாது. ‘அவ்வளவாக’ என்பதும் எதிர்மறையோடுதான் வாழும்: ‘அவ்வளவாக மாறவில்லை’. ‘பெரிதாக’ என்பதும் மாற்றத்தைப் பேசும்போது அந்தப் பக்கமே சாயும். ‘பெரிதாக எதுவும் மாறவில்லை’ என்பது இயல்பு, ‘பெரிதாக மாறியது’ என்பது உருவத்தில் பெரியதாக ஆனது என்று படிக்கப்படும். உடன்பாட்டுக்கு ‘பெரிதும் மாறியது’.

‘முற்றிலும் குறையவில்லை’ என்பதை நேரே நீக்கிவிடுங்கள். வலி முற்றிலும் குறையவில்லை என்றால் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது என்றும் ஆகும், இம்மியும் குறையவில்லை என்றும் ஆகும். முதல் பொருளுக்கு ‘வலி குறைந்தது, முழுதாக நீங்கவில்லை’. இரண்டாவதற்கு ‘வலி சற்றும் குறையவில்லை’.


ஒற்றுக்காவல்

மேலே உள்ளதற்கு ஒரு சேர்க்கை மட்டும். ‘சற்றுக் குறைந்தது’ என்பதைப் பார்த்துப் பழகிய கை ‘சற்றும்’ என்பதற்குப் பின்னும் ஒற்றைப் போட்டு ‘சற்றும்க் குறையவில்லை’ என்று அடித்துவிடுகிறது. மகர மெய்க்குப் பின் அது வராது, ‘சற்றும் குறையவில்லை’. ‘சற்றே’ என்பதற்குப் பின்னும் மிகாது: ‘சற்றே குறைந்தது’. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளில் ‘சற்று’ என்பதற்குத் தானியங்கி மாற்று விதி எழுதினால், அந்தச் சொல் இடைவெளியோடு முடியும் இடத்தில் மட்டும் பொருந்துமாறு எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘சற்றும்’ என்பதை அதுவே கெடுத்துவிடும்.